சாப்பிட வந்த தீவு

ஒரே ஒரு கடலிலே ஒன்பதே ஒன்பது தீவாம். ஒன்பதில் எட்டு வைத்த இடத்தில் இருக்குமாம், ஒன்று மட்டும் கூப்பிட்ட வீட்டுக்குப் போகுமாம். போனது ஒரே ஒரு தடவைதான். அந்த ஒரு தடவையின் கதை இது. கேட்கிறவர்கள் உம் கொட்டினால் போதும், நம்பியே ஆகவேண்டும் என்பதில்லை. அந்தத் தீவுக்காரர்கள் நம்பிவிட்டார்கள், அவர்கள் நம்பியதே எல்லோருக்கும் போதும்.

அந்தக் கடலில் சௌந்தரிக்கும் அவள் புருஷன் வெள்ளையப்பனுக்கும் மரிக்கொழுந்து என்று ஒரு படகு இருந்தது. தீவுக்குத் தீவு ஆள் ஏற்றும் படகுகளில் முப்பத்திமூன்று வருஷம் இன்ஜின் பார்த்தவர் வெள்ளையப்பன். மனுஷர்களோடு பேசியதைவிட இன்ஜினோடு பேசியதுதான் அதிகம். வேலையிலிருந்து ஓய்வு வந்ததும், கழித்துக்கட்டிய பழைய படகு ஒன்றை வாங்கி, பலகை மாற்றி, கூரை போட்டு, பச்சைப் பெயின்ட் அடித்து, மழை விட்ட நாளிலிருந்து அடுத்த மழை பிடிக்கிற நாள்வரை அதிலேயே குடியிருப்பது என்று புருஷனும் பெண்டாட்டியும் முடிவு செய்துவிட்டார்கள். இருபத்தாறு அடி நீளம். பகலில் உட்காரவும் இரவில் படுக்கவும் இரண்டு பலகை, ஒரு மண்ணெண்ணெய் அடுப்பு, ஒரு டிரம் நல்ல தண்ணீர், அடுப்புக்கு மேலே ஆணியில் தொங்கும் உப்பு டப்பா. வாய்க்குள் எந்தப் பல் எங்கே இருக்கிறது என்று நாக்குக்குத் தெரிகிற மாதிரி, எது எங்கே இருக்கிறது என்று சௌந்தரிக்குத் தெரியும். யாராவது ஒன்றைத் தொட்டு வேறு இடத்தில் வைத்தால், பல் ஆடுகிற மாதிரி அவளுக்கு இருக்கும்.

அந்த வருஷம் மாசியில் அவளுடைய சிநேகிதிகள் இரண்டு பேர் கப்பலில் வந்து இறங்கினார்கள். நாற்பத்தோரு வருஷத்துக்கு முன்னால் மதுரையில் ஆசிரியப் பயிற்சி விடுதியில் மூன்று பேரும் ஒரே அறை, ஒரே பெட்டி, பல நாள் ஒரே தட்டு. பிறகு ரெஜினா திண்டுக்கல்லுக்கு வாத்தியாரம்மாவாகப் போனாள், பங்கஜவல்லி மதுரையிலேயே வாழ்க்கைப்பட்டாள், சௌந்தரி கடல் தாண்டித் தீவுக்கு வந்தாள். வருஷத்துக்கு நாலு கடிதம், பிற்பாடு போன். ஒவ்வொரு கடிதத்திலும் ஒவ்வொரு போனிலும் பங்கஜம் 'ஒரு தடவை வீட்டுக்கு வாடி' என்பாள், சௌந்தரி 'வர்றேண்டி' என்பாள். பங்கஜத்தின் பெண்ணுக்குக் கல்யாணம், வர்றேண்டி என்றாள், புயல் கொடி ஏற்றிவிட்டார்கள். பேரனுக்குக் காது குத்து, வர்றேண்டி என்றாள், கப்பல் பழுது. நாலு வருஷத்துக்கு முன்னால் பங்கஜத்தின் வீட்டுக்காரர் மார்வலி வந்து தவறிப்போனார். பதினாறாம் நாள் காரியத்துக்காவது வந்துர்றேண்டி என்றாள் சௌந்தரி. அதற்கும் அந்த வீட்டு வாசலில் அவள் போய் நிற்கவில்லை. அதற்கு என்ன காரணம் என்று அவளும் சொல்லவில்லை, பங்கஜமும் கேட்கவில்லை.

ஆகவே, சிநேகிதிகள் வருகிறார்கள் என்று தெரிந்த நாளிலிருந்து சௌந்தரிக்கு ஒரே ஒரு பயம். பத்து நாள் ஒரே படகில் முகத்துக்கு முகம் உட்காரப்போகிறோம், அவள் கேட்கப்போகிறாள், ஏண்டி வரலை என்று கேட்கப்போகிறாள், நான் என்ன சொல்லப்போகிறேன்.

பங்கஜம் கேட்கவில்லை. முதல் நாள் கேட்கவில்லை, இரண்டாம் நாள் கேட்கவில்லை; பவளப்பாறை பார்த்தபோது கேட்கவில்லை, பறக்கும் மீன் படகுக்குள் விழுந்தபோது கேட்கவில்லை. அவள் கேட்டதெல்லாம் வேறு. சௌந்தரி, இந்த டம்ளர்ல தண்ணி குடிச்சுக்கட்டுமா? சௌந்தரி, துண்ட இங்க காயப்போடலாமா? சௌந்தரி, கொஞ்சம் உப்பு எடுத்துக்கட்டுமா? விடுதியில் சௌந்தரியின் தட்டிலிருந்து கேட்காமல் பொரியலை அள்ளித் தின்றவள், ஒரு சிட்டிகை உப்புக்கு அனுமதி கேட்டாள். டி போட்டுக் கூப்பிடவில்லை. முழுப்பெயர் சொல்லித்தான் கூப்பிட்டாள். விருந்தாளி என்றால் அப்படி ஒரு விருந்தாளி, குறை சொல்ல ஒன்றுமில்லை. அந்தக் குறையில்லாமைதான் சௌந்தரிக்கு முள்ளாகக் குத்தியது.

ரெஜினா அதற்கு நேர்மாறு. ஏறிய நாளிலிருந்து பாயை விரித்துப் படுத்தவள், வாந்தி எடுக்கவும் சாப்பிடவும் மட்டும் எழுந்தாள். நல்ல தண்ணீரில் முகம் கழுவினாள், கால் கழுவினாள், கழுவிய காலைப் பார்த்துவிட்டு இன்னொரு தரம் கழுவினாள். டிரம்மில் தண்ணீர் இறங்க இறங்க சௌந்தரி மூடியைத் திறந்து திறந்து மட்டம் பார்த்தாள். விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்று சொன்னவர் படகில் குடியிருந்தவராய்த்தான் இருக்கவேண்டும், ஏனென்றால் நாலு பேர் படுத்த இருபத்தாறு அடிப் படகில் ஒருவர் புரண்டால் நாலு பேரும் புரளவேண்டும், ஒருவர் பெருமூச்சு விட்டால் நாலு பேரும் விட்டதாகத்தான் கணக்கு.

ஏழாவது நாள் கடைக்குட்டிக்குப் போனார்கள்.

கடைக்குட்டி என்பது ஒன்பதாவது தீவு. பன்னிரண்டு தென்னை, ஒரு பூவரசு, கரையெல்லாம் வெள்ளை மணல், மணலெல்லாம் நண்டு. அடுப்பில் உலை வைத்துவிட்டு நடக்கத் தொடங்கினால் உலை கொதிப்பதற்குள் தீவைச் சுற்றி வந்துவிடலாம். ஆள் குடியிருப்பு இல்லை. போகிறவர்கள் தேங்காய் பறிப்பார்கள், மீன் சுடுவார்கள், முள்ளையும் மட்டையையும் போட்ட இடத்தில் போட்டுவிட்டுப் போவார்கள். அன்றைக்குப் பங்கஜம் பூவரசு நிழலில் காலை மணலுக்குள் புதைத்துக்கொண்டு உட்கார்ந்தாள், ஒரு நண்டு அவள் புடவைத் தலைப்பை இழுத்துப் பார்த்தது, அவள் சிரித்தாள். வந்து ஏழு நாளில் அதுதான் முதல் சிரிப்பு. பொழுது சாய்ந்து புறப்படுகிறபோது, அவள் புடவையில் ஒட்டிய மணலைத் தீவிலேயே தட்டி உதறி, தீவுக்கு உரியதைத் தீவுக்கே கொடுத்துவிட்டு, திரும்பி நின்று, தீவைப் பார்த்து, பழகிய வாயால் சொன்னாள்: "நல்லாக் கவனிச்சுக்கிட்டீங்க. ஒரு நாள் நம்ம வீட்டுக்கு வரணும். வந்து ஒரு வாய் சாப்பிட்டுட்டுத்தான் போகணும்."

பங்கஜம் பஸ் கண்டக்டரிடம் இதைச் சொல்லியிருக்கிறாள், ஆஸ்பத்திரி நர்சிடம் சொல்லியிருக்கிறாள், சிலிண்டர் கொண்டுவருகிற ஆளிடம் சொல்லியிருக்கிறாள். அவர்கள் எல்லாரும் வர்றோம்மா என்பார்கள், வரமாட்டார்கள். அவர்கள் வரமாட்டார்கள் என்று அவளுக்கும் தெரியும். தெரியும் என்று அவர்களுக்கும் தெரியும். மனுஷர்களுக்கு நடுவே அந்த வார்த்தை அப்படித்தான் போய் வந்துகொண்டிருந்தது. ஆனால் தீவை இதுவரை யாரும் சாப்பிடக் கூப்பிட்டதில்லை. எல்லாரும் அதன் வீட்டுக்கு வந்தார்கள், அதன் தேங்காயைத் தின்றார்கள், நீயும் எங்கள் வீட்டுக்கு வா என்று ஒருத்தரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

மறுநாள் விடிந்து இன்ஜினைக் கிளப்பிக் கொஞ்ச தூரம் போனதும், சுக்கானில் உட்கார்ந்திருந்த வெள்ளையப்பன் எண்ணெய் குறைந்திருக்கிறது என்று சொல்கிற குரலில், "கடைக்குட்டி பின்னால வருது," என்றார்.

சௌந்தரி அடுப்பில் உப்புமா கிளறிக்கொண்டே எவ்வளவு தூரத்தில் என்று கேட்டாள். ஒரு கூப்பிடு தூரம் என்றார் அவர். இன்ஜினை நிறுத்திப் பார்த்தார், தீவும் நின்றது. கிளப்பினார், வந்தது. தெற்கே திருப்பினார், தெற்கே வந்தது. பன்னிரண்டு தென்னையும் ஒரு பூவரசும், பழக்கமில்லாத ஊருக்கு முதல் தடவை போகிறவர்கள் மாதிரி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, வேகத்தைக் கூட்டாமல் குறைக்காமல், படகை முந்தாமல், அலையைக் கிளப்பாமல் வந்தன. ரெஜினா பாயிலிருந்து தலையை மட்டும் தூக்கிப் பார்த்தாள். "அது வந்தா வந்துட்டுப் போகுது. நீங்க திருப்பித் திருப்பி ஓட்டாதீங்கண்ணே, எனக்குப் பெரட்டுது," என்றாள்.

பங்கஜம் மட்டும் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு தீவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாக, "நான் கூப்பிட்டேன்ல," என்றாள். அந்த இரண்டு வார்த்தைக்கே சௌந்தரியின் கையிலிருந்த கரண்டி நழுவி உப்புமாவுக்குள் விழுந்தது. கூப்பிட்டவுடன் ஒரு தீவே கிளம்பி வருகிறது, நாற்பது வருஷம் கூப்பிட்டும் வராதவள் எதிரே உட்கார்ந்து உப்புமா கிளறுகிறாள்.

ஒன்பதாம் நாள் காலையில் மஞ்சத்துறைக்கு வந்து சேர்ந்தார்கள். ஒன்பது தீவுக்கும் சேர்த்து அதுதான் பெரிய துறை. கடைக்குட்டி துறைமுக வாய்க்கு வெளியிலேயே நின்றுகொண்டது, உள்ளே வரலாமா என்று கேட்கிறவர்கள் வாசலில் நிற்பார்களே, அப்படி. அது நின்றதுபோக ஒரு படகு நுழைய மட்டும்தான் வழி இருந்தது. மீன்பிடிப் படகுகள் ஒவ்வொன்றாகத் தீவின் தென்னை ஓலையில் தலையைத் தட்டிக்கொண்டு போய் வந்தன.

ஊர் பார்த்தது, பார்த்துவிட்டு வேலையைத் தொடங்கியது. துறைமுக அதிகாரி பெனடிக்ட் ஒரு படிவத்தை எடுத்துக்கொண்டு வந்து, வந்திருப்பதன் பெயர், நீளம், அகலம் எழுதிக்கொண்டார். எங்கிருந்து வருகிறது என்ற இடத்தில் 'பக்கத்திலிருந்து' என்று எழுதினார். எவ்வளவு ஆழம் மிதக்கிறது என்ற இடத்தில் பேனாவை வைத்தபடி வெகுநேரம் யோசித்துவிட்டு, ஒரு கோடு போட்டார். பள்ளிக்கூடத்தில் சுவரில் மாட்டிய வரைபடத்தைப் பார்த்துப் பிள்ளைகள் சந்தேகம் கேட்க, டீச்சர் அந்த ஒரு தீவை மட்டும் பென்சிலில் வரைந்துகொள்ளச் சொன்னார். தூரத்திலிருந்து வந்தவர்களுக்கு முதலில் தண்ணீர் கொடுக்கவேண்டும் என்று இரண்டு பெண்கள் தோணியில் போய் அதன் மணலில் ஒரு குடம் நல்ல தண்ணீர் வைத்துவிட்டு வந்தார்கள். கடைக்குட்டிக்கு எதிரே இருக்கிற பனைத்தீவுக்காரர்கள் மூன்று பேர் மட்டும் கோபமாக வந்து, மூன்று தலைமுறையாக எதிரெதிரே இருக்கிறோம், எங்கள் வீட்டு நல்லது கெட்டதுக்கு இது எட்டிப்பார்த்ததில்லை, மதுரைக்காரம்மா ஒரு வார்த்தை சொன்னதும் ஓடி வந்துவிட்டது என்று குறைப்பட்டார்கள். நீங்க கூப்பிட்டீங்களா என்று யாரோ கேட்டார்கள். அவர்கள் டீ குடிக்கப் போனார்கள். கடைக்குட்டி இருந்த இடத்தைப் பார்த்துவிட்டு வந்த வலைக்காரர் ஒருவர், கட்டில் போட்டிருந்த இடத்தில் தரையில் தடம் தெரிகிற மாதிரி அங்கே கடலில் ஒரு பள்ளம் தெரிகிறது, மீனெல்லாம் அந்த இடத்துக்குள் போகாமல் சுற்றிச் சுற்றி வருகிறது என்று சொன்னார். அதைக் கேட்டபோதுதான் எல்லாருக்கும் கொஞ்சம் மனசு கஷ்டமாக இருந்தது.

கஷ்டத்துக்கு மேல் கஷ்டம் சாயங்காலம் தெரிந்தது. பங்கஜம் துறையோரமாகத் தபாலாபீஸ் வரைக்கும் நடந்தாள். கடைக்குட்டியும் துறையோரமாகத் தபாலாபீஸ் வரைக்கும் நகர்ந்தது. அவள் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தாள், அதுவும் அமர்ந்தது. தீவு வந்தது படகின் பின்னால் இல்லை, அவள் பின்னால். பெனடிக்ட் வேர்த்து விறுவிறுத்து ஓடிவந்தார். நாளை மறுநாள் வெள்ளிக்கிழமை கப்பல். அதில் இந்த அம்மா ஏறினால் தீவும் கப்பலின் பின்னாலேயே போகும், பெரிய கரையில் போய் இடிக்கும், அங்கே கேட்டால் நான் என்ன பதில் எழுதுவது. தீவு திரும்பிப் போகாமல் இந்த அம்மாவைக் கப்பலில் ஏற்ற முடியாது என்று கையைக் கூப்பிக்கொண்டே சொல்லிவிட்டார். அடுத்த கப்பல் இருபத்திரண்டு நாள் கழித்து.

இருபத்திரண்டு நாள். சௌந்தரி படகுக்குள் உட்கார்ந்து அதை நினைத்துப் பார்த்தாள். இருபத்திரண்டு நாளைக்கு ரெஜினா கால் கழுவுவாள், அதைப் பொறுத்துக்கொள்ளலாம். இருபத்திரண்டு நாளைக்குப் பங்கஜம் உப்புக்கு அனுமதி கேட்பாள். அதை எப்படிப் பொறுப்பது. எந்தக் கேள்விக்குப் பயந்தாளோ அந்தக் கேள்வி வராமலே இருப்பது, வந்துவிடுவதைவிடப் பெரிய தண்டனை என்று அப்போது அவளுக்குத் தெரிந்தது.

வலைக்கொட்டகையில் ஊர் கூடியது. வெடி போட்டு விரட்டலாம் என்றார் ஒருவர். வந்த விருந்தாளியை வெடி போட்டு விரட்டுற ஊருன்னு பேர் எடுக்கவா என்று அவர் சம்சாரமே கேட்டுவிட்டாள். பத்து விசைப்படகைக் கட்டி இழுக்கலாம் என்றார் இன்னொருவர். கழுத்தைப் பிடித்துத் தள்ளுவதற்கும் அதற்கும் என்ன வித்தியாசம் என்று அதையும் விட்டார்கள். கடைசியில் ஆப்பக்கடை சவரியம்மாள்தான், மாவு ஒட்டின கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"சாப்பிடக் கூப்பிட்டிருக்காக, வந்திருக்கு. சாப்பாட்டப் போடுங்க, தின்னுட்டுத் தன்னால போகும். கூப்பிட்டவுக வீட்டுல போடணும், அவ்வளவுதான். இதுக்கு எதுக்குக் கூட்டம்?"

கூப்பிட்டவள் வீடு கடலுக்கு அந்தப்பக்கம் மதுரையில் இருக்கிறது என்றார் பெனடிக்ட். எல்லாரும் சௌந்தரியைப் பார்த்தார்கள். சௌந்தரி, என் படகு அவள் வீடு மாதிரிதான் என்று சொன்னாள். சொல்லும்போதே குரல் கொஞ்சம் இறங்கியது.

வியாழக்கிழமை மத்தியானம் மரிக்கொழுந்தைத் தீவோடு ஒட்டினாற்போல் நிறுத்தி, சாம்பார், ரசம், இரண்டு பொரியல், அப்பளம், பாயசம் என்று பங்கஜம் சமைத்தாள். தலைவாழை இலையைக் கடைக்குட்டியின் மணலில் விரித்து, தண்ணீர் தெளித்து, எல்லாவற்றையும் இடம் வலம் பார்த்துப் பரிமாறினாள். காத்திருந்தார்கள். ஒரு நண்டு வெளியே வரவில்லை. ஓர் அலை நாக்கை நீட்டவில்லை. சோறு காய்ந்தது, அப்பளம் நமுத்தது, மூன்று மணி நேரம் ஆகியும் வைத்தது வைத்தபடி இருந்தது. துறையில் நின்ற சனம் முகம் தொங்கித் திரும்பியது.

சவரியம்மாள் மட்டும் போகவில்லை. சௌந்தரியைத் தனியாகத் துறைப்படிக்குக் கூப்பிட்டு உட்காரவைத்தாள். "நான் பாத்துக்கிட்டேதான் இருந்தேன். அந்தம்மா சமைக்கையில உங்கிட்ட எத்தன தடவ கேட்டாக தெரியுமா? உப்பு எடுக்கட்டுமா, எண்ண ஊத்தட்டுமா, இந்தச் சட்டியில வதக்கட்டுமா. ஏழு தடவ. நான் எண்ணுனேன். தீவு பக்கத்துலதான நிக்குது, அதுக்குக் காது கேக்காதா? உப்பெடுக்க ஒருத்தி கேட்டு நிக்குறான்னா அது அவ வீடு இல்லைன்னு ஒரு கல்லுக்கும் தெரியும்."

வெள்ளிக்கிழமை. கப்பல் பன்னிரண்டு மணிக்கு. காலை ஏழு மணிக்கே சௌந்தரி தன் துணியை ஒரு பையில் போட்டு, புருஷனைக் கையைப் பிடித்து எழுப்பி, இன்ஜின் சாவியைப் பங்கஜத்தின் உள்ளங்கையில் வைத்து மூடி, நாங்க இறங்குறோம், இனிமே இது உன் வீடு, உள்ளே என்ன இருக்கிறது என்று என்னைக் கேட்காதே, கேட்டாலும் சொல்ல மாட்டேன் என்று சொல்லிவிட்டு, துறைப்படியில் போய் உட்கார்ந்துகொண்டாள். பங்கஜம் வேண்டாம் வேண்டாம் என்று சொன்னதை அவள் காதில் வாங்கவில்லை. ரெஜினா மட்டும் இறங்க மறுத்துவிட்டாள். "யாரு வீடா இருந்தா எனக்கென்ன, நான் படுத்த இடம் இது," என்று திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

வெகுநேரம் படகுக்குள்ளிருந்து சத்தமே இல்லை. பிறகு ஒரு பாத்திரம் நகர்ந்தது. இன்னொன்று நகர்ந்தது. அரிசி களைகிற சத்தம் கேட்டது. ஒரு தண்ணி, இரண்டு தண்ணி, மூன்றாவது தண்ணி, எல்லாம் நல்ல தண்ணி. சௌந்தரியின் கை விரல்கள் படிக்கல்லைப் பிடித்துக்கொண்டன. வெள்ளையப்பன் பக்கத்தில் உட்கார்ந்து, விடு என்று மட்டும் சொன்னார். சுத்தியல் சத்தம் கேட்டது. என் பலகையில் ஆணி அடிக்கிறாள் என்று சௌந்தரி எழுந்தாள். விடுன்னேன்ல என்றார் அவர். உட்கார்ந்தாள். பிறகு படகுக்குள்ளிருந்து ஒரு பழைய கரித்துணி பறந்து வந்து கடலில் விழுந்தது, அதைத் தொடர்ந்து, சேலையைத் தூக்கிச் செருகி, நெற்றியெல்லாம் வேர்வையோடு, கையில் உப்பு டப்பாவோடு பங்கஜம் வாசலுக்கு வந்தாள்.

"ஏண்டி, எவளாவது அடுப்புக்கு நேர் மேல உப்ப மாட்டுவாளா? ஆவி பட்டுப் பட்டுக் கல்லாப் போயிருக்கு. முப்பது வருஷமா குடும்பம் நடத்துனியா, இல்ல கூத்தடிச்சியா?"

பத்து நாளில் முதல் டி அது. அந்த டி வந்து விழுந்ததும், துறையில் நின்ற எல்லாரும் பார்த்தார்கள், கடைக்குட்டி ஒரு முழம் முன்னால் நகர்ந்து, பன்னிரண்டு தென்னையும் படகுப் பக்கமாகத் தலையைச் சாய்த்தன.

"என்னத்தப் பாக்குற? உள்ள வா," என்றாள் பங்கஜம்.

சௌந்தரி தன் படகுக்குள் வலது காலை எடுத்து வைத்து விருந்தாளியாக நுழைந்தாள். பலகையின் ஓரத்தில், இடம் தெரியாதவள் மாதிரி உட்கார்ந்தாள். பங்கஜம் அவளுக்கு ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்தாள். சௌந்தரி குடித்து முடித்தாள். சொம்பைக் கையில் திரும்ப வாங்கிக்கொண்டுதான் கேட்டாள்.

"ஏண்டி வரல?"

நாலு வருஷமாகப் பயந்த கேள்வி வந்தேவிட்டது. வந்தபின் பார்த்தால் அது சின்னதாக இருந்தது. சௌந்தரி தரையைப் பார்த்துக்கொண்டு, "வந்தேன்," என்றாள். மூன்று நாள் கப்பலில் வந்து, ராத்திரி பஸ்ஸில் வந்து, பதினாறாம் நாள் காலையில் மதுரை பஸ் ஸ்டாண்டில் இறங்கி, ஆறு தேங்காய் கட்டிய பையோடு இரண்டு மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்ததைச் சொன்னாள். உன் வீடு இருபது நிமிஷம், எழுந்து நடக்கக் கால் வரவில்லை என்று சொன்னாள். "பொட்டு இல்லாம உன் நெத்திய எப்படிப் பாக்குறதுன்னு தெரியலடி. தேங்காய அங்கயே வெச்சுட்டுத் திரும்பிட்டேன்."

"தெரியும்," என்றாள் பங்கஜம்.

தயிர் வாங்கப் போன அவள் கொழுந்தன் பஸ் ஸ்டாண்டில் பார்த்திருக்கிறார். கடிதத்தோடு வந்த போட்டோவில் பார்த்த முகம் என்று அடையாளம் கண்டு வந்து சொல்லியிருக்கிறார், அண்ணி, உங்க தீவுக்கார சிநேகிதி வந்துட்டாங்க, பின்னாலேயே வருவாங்க என்று.

"உனக்கு ஒரு இலை போட்டு வெச்சேன். சாயங்காலம் நாலு மணி வரைக்கும் அத எடுக்க விடல. எல்லாரும் எனக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சுன்னு பேசிக்கிட்டாங்க."

"அப்புறம் ஏண்டி இத்தனை நாள் கேக்கல? பத்து நாளாக் கூடவே இருந்தியே."

"உன் வீட்டுச் சோத்தத் தின்னுக்கிட்டு உன்னையக் கேள்வி கேக்குறது எப்படி? இப்ப இது என் வீடு. இப்பக் கேப்பேன்."

கேட்டாள். உலை கொதித்து, அரிசி போட்டு, சோறு வெந்து, வடிக்கிறவரைக்கும், கை ஒரு பக்கம் வேலை பார்க்க, வாய் ஒரு பக்கம் கேட்டுக்கொண்டே இருந்தது. கல்யாணத்துக்கு வராததைக் கேட்டாள், காது குத்துக்கு வராததைக் கேட்டாள், விடுதியில் இரவல் வாங்கிய நீல தாவணியைத் திருப்பித் தராததைக்கூடக் கேட்டாள். சௌந்தரி எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். திட்டு ஒவ்வொன்றும் விழ விழ, சேற்றில் நாலு வருஷம் மாட்டிக் கிடந்த நங்கூரம் ஒவ்வொரு சாணாக மேலே வருகிற மாதிரி அவளுக்கு நெஞ்சு லேசாகிக்கொண்டே போனது. ரெஜினா பாயிலிருந்தபடியே, அந்த தாவணி எங்கிட்டதாண்டி இருக்கு என்றாள். இரண்டு பேரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள், பிறகு மூன்று பேரும் சிரித்த சிரிப்பில் படகு ஆடியது.

சிரிப்பு அடங்கியதும் பங்கஜம் சௌந்தரியின் முகவாயைப் பிடித்துத் தூக்கி, தன் முகத்துக்கு நேரே நிறுத்தினாள். "பாத்துக்கோ. நெத்திதான். வேற ஒண்ணுமில்ல."

சௌந்தரி பார்த்தாள். நெற்றிதான். வேர்த்திருந்தது.

பதினோரு மணிக்கு மணலில் இலை விரித்தார்கள். அன்றைக்கு ஒரு குழம்பு, ஒரு பொரியல், அவ்வளவுதான். பங்கஜம் பரிமாறிவிட்டு, சாப்பிடுங்க என்று சொல்லி ஒதுங்கினாள். முதலில் ஒரு சின்ன நண்டு வந்தது, சோற்றுப் பருக்கை ஒன்றைத் தூக்கிக்கொண்டு போய்ச் சொன்னது போலும், பிறகு மணலுக்கு மணல் நண்டாக வந்தது. இலை காலியானபின் ஓர் அலை மெதுவாக ஏறிவந்து, இலையின் மேல்பாதியை எடுத்து, வெளிப்பக்கம் மடக்காமல், தீவு இருக்கிற உள்பக்கமாக மடித்து வைத்துவிட்டு இறங்கியது. துறையில் நின்ற அத்தனை பேரும் பிடித்து வைத்திருந்த மூச்சை விட்டார்கள். சமையல் பிடித்திருக்கிறது என்று அர்த்தம், மனத்தாங்கல் இல்லை என்று அர்த்தம்.

வெற்றிலை, பாக்கு, பழம், மஞ்சள், குங்குமம், ஒரு ரவிக்கைத் துணி எல்லாம் தட்டில் தயாராக இருந்தன. யார் கொடுப்பது என்று பெண்கள் ஒரு கணம் தயங்கினார்கள். இந்த மாதிரித் தட்டைப் பங்கஜத்தின் கையில் யாரும் கொடுத்து நாலு வருஷம் ஆகிவிட்டது. சவரியம்மாள் தட்டை எடுத்து நேராக அவள் கையில் வைத்தாள். "உங்க வீட்டு விருந்தாளி. நீங்கதான் குடுக்கணும்." பங்கஜம் தட்டைப் பூவரசு வேரில் வைத்து, ரவிக்கைத் துணியைக் கடைசித் தென்னையின் இடுப்பில் கட்டினாள். தீவு கொஞ்சநேரம் நின்றது. பிறகு முதுகைக் காட்டாமல், முகத்தை இந்தப்பக்கம் வைத்தபடியே, பின்னோக்கிப் பின்னோக்கி நகர்ந்து, கண்ணுக்கு எட்டுகிறவரை துணியின் சிவப்புத் தெரிய, தன் இடத்துக்குப் போனது. பிற்பாடு பார்த்தவர்கள் பள்ளத்தில் சரியாகப் போய் உட்கார்ந்திருக்கிறது என்றார்கள். பூவரசு மட்டும் முன்பு கிழக்கே இருந்தது, இப்போது கொஞ்சம் வடக்கே தள்ளி இருக்கிறதாம். ஊருக்குப் போய்த் திரும்பியவர்கள் ஒருக்களித்துப் படுப்பதில்லையா, அந்த மாதிரி.

கப்பல் சங்கு ஊதியது. ரெஜினா எல்லாருக்கும் முன்னால் ஏறி, ஆடாத கட்டிலாகப் பார்த்துப் பிடிக்கப் போய்விட்டாள். பங்கஜம் கப்பல் ஏணியில் ஒரு காலை வைத்து, பழக்கம் விடாமல் திரும்பி, ஊரையும் கடலையும் துறையையும் ஒரு பார்வை பார்த்து வாயைத் திறந்தாள். அத்தனை சனமும் அசையாமல் நின்றது. பெனடிக்ட் கையெடுத்துக் கும்பிட்டேவிட்டார். பங்கஜம் சிரித்து வாயை மூடிக்கொண்டாள். சௌந்தரியை மட்டும் கையைக் காட்டிக் கிட்டே கூப்பிட்டாள், ஆனால் ஒன்றும் சொல்லவில்லை.

சௌந்தரிதான் சொன்னாள். வர்றேண்டி என்று சொல்லவில்லை.

"பங்குனிக் கடைசிக் கப்பல். பத்து நாள் இருப்பேன். உன் உப்ப உங்கிட்டக் கேக்காம எடுப்பேன்."

"எடு," என்றாள் பங்கஜம். ஏறிப் போனாள்.

கப்பல் சின்னதாகி, புள்ளியாகி, கரைந்தது. பனைத்தீவுக்காரர்கள், வருகிற வாரம் எங்கள் வீட்டுப் பூப்புநீராட்டுக்குக் கடைக்குட்டியை முறையாகப் போய்க் கூப்பிட்டு வரவேண்டும் என்று பேசிக்கொண்டே தங்கள் தோணியில் போனார்கள். பெனடிக்ட் அது காதில் விழாத மாதிரி வேகமாக ஆபீசுக்குப் போனார். சவரியம்மாள் மாவு புளித்துவிடும் என்று போனாள். வெள்ளையப்பன் இன்ஜினிடம் போனார். சௌந்தரி படகுக்குள் தலையை நீட்டிப் பார்த்தாள். உப்பு டப்பா ஜன்னலோரம் புது ஆணியில் தொங்கியது. கையை நீட்டி, பழைய இடத்துக்கு மாற்றலாமா என்று நினைத்து, மாற்றாமல் விட்டாள். பிறகு, மத்தியானத்துக்கு அடைப்பதற்குள் போய்விடவேண்டும் என்று சேலையை உதறிச் செருகிக்கொண்டு, துறையில் வேறு யாருமில்லாத அந்த வெயிலில், கப்பல் டிக்கெட் கொடுக்கிற ஜன்னலைப் பார்த்து நடந்தாள்.